கறுப்பு மைக்குக் கீழே ஒரு தபால்காரர்

போன சனிக்கிழமை காலையில் எங்கள் ஊர்த் தபால்காரர் வீட்டுக்கு வந்தார். கையில் கடிதம் இல்லை. சைக்கிள் மணியும் அடிக்கவில்லை. படலையைத் திறந்து உள்ளே வந்தவர், விறாந்தைக் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. இது ஜே.பி. அலுவல்.

இந்தப் பத்தியைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு விஷயம். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு பதவி கிடைத்தது... சமாதான நீதவான். பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். என்னிடம் இருப்பது ஒரு றப்பர் முத்திரை, ஒரு நீலப் பேனை, ஒரு பதிவுக் கொப்பி. மூலப் பத்திரத்தையும் அதன் போட்டோக் கொப்பியையும் ஒப்பிட்டுப் பார்த்து, ‘உண்மைப் பிரதி’ என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். சத்தியக் கடதாசி முடித்துக் கொடுப்பேன். அவ்வளவுதான்.

கரவெட்டியில் இந்த வேலைக்கு ஓய்வு கிடையாது. எங்கள் ஆட்களுக்குப் பத்திரங்களில் அப்படி ஒரு பிடிப்பு. எத்தனை தரம் இடம்பெயர்ந்தோம்! நகையை மறந்து ஓடியவர்களைக் கண்டிருக்கிறேன். பைலை மறந்து ஓடியவர்களைக் கண்டதில்லை. பிறப்புப் பத்திரம், காணி உறுதி, குடும்ப அட்டை — எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி எடுப்பார்கள். ஏன் மூன்று? ஒன்று, அதைக் கேட்ட அரசாங்கக் கந்தோருக்கு. ஒன்று, அந்தக் கந்தோர் தொலைத்துவிட்டால் திரும்பக் கொடுக்க. மற்றது... மனத் திருப்திக்கு.

தபால்காரருக்குச் சிவநேசன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரை எழுத அவர் சம்மதித்தார், எனக்குத்தான் துணிவு வரவில்லை. இந்த மாதம் அவருக்கு அறுபது நிறைகிறது. மாத முடிவோடு ஓய்வு.

“அக்கா, இதுக்கு உண்மைப் பிரதி ஒண்டு போட்டுத் தரோணும்.”

வாங்கிப் பார்த்தேன். சிங்களத்தில் ஒரு பக்கம். அதோடு, பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் முத்திரை குத்திக் கொடுத்த தமிழ்ப் பக்கம். சிங்களப் பக்கத்தில் முதலில் கண்ணில் பட்டது எழுத்து அல்ல, கறுப்பு. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கோடு. அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்று. முகவரியில் மூன்று. தடுத்து வைக்கும் இடத்தில் ஒன்று. ஆகக் கீழே, உத்தரவிட்டவரின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்திலும் ஒன்று.

“என்ன உது?”

“அது நான்தான் அக்கா.”

அவருடைய கதை ஊரில் எல்லாருக்கும் பாதி தெரியும். யுத்தத்தின் கடைசிக் காலம். கடிதப் பையோடு வேலைக்குப் போனவர் மத்தியானம் திரும்பவில்லை. பை மட்டும் றோட்டோரத்தில் கிடந்தது, இருபது முப்பது கடிதங்களோடு. ஒரு வருடமும் இரண்டு மாதமும் கழித்து, வவுனியா பஸ் ஸ்ராண்டில் ஆரோ இறக்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். வழக்கு இல்லை, குற்றச்சாட்டு இல்லை. போகும்போது தெரியாத சிங்களம் வரும்போது தெரிந்திருந்தது.

இடையில் ஊர் என்ன பேசியது தெரியுமா? “பையைப் போட்டிட்டு வெளிநாடு வெளிக்கிட்டிட்டான்” என்று. நானும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தவள்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கு எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

தபால் திணைக்களமும் ஊரைப் போலத்தான். கருணை அடிப்படையில் வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அவருடைய பைலில் ஒரு வசனம் இருந்தது, இன்றும் இருக்கிறது: ‘கடிதப் பையை வீதியோரத்தில் விட்டு, அறிவித்தல் இன்றி, தன் விருப்பத்தின் பேரில் கடமையைக் கைவிட்டுச் சென்றவர்.’

“எனக்குச் சம்பளப் பாக்கி ஒண்டும் வேண்டாம் அக்கா. அந்த வசனத்தை எடுத்தால் காணும். நான் ஓய்வுக்குப் போன உடனை பைலைக் கட்டி உள்ளுக்கை வைச்சிடுவினம். பிறகு ஆரும் திறக்கப் போறதில்லை. தன் விருப்பத்திலை பையை எறிஞ்சவன் எண்டு அதுக்குள்ளை நான் கிடப்பன்.”

வசனத்தை எடுக்க வேண்டுமானால், அவரைப் பிடித்துக் கொண்டுபோனதற்கு ஆதாரம் வேண்டும். கைதானபோது அவர் கையில் ஒரு துண்டும் கொடுக்கவில்லை. அதனால்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தார். முதலில் பதிலே இல்லை. மேன்முறையீடு செய்தார். பிறகும் எழுதினார். ஒன்றே முக்கால் வருடம்!

கடைசியில் பதில் வந்தது... பதிவுத் தபாலில். அவருடைய சைக்கிளிலேயே வந்தது. கொடுத்தவரும் அவர், கையெழுத்து வைத்து வாங்கியவரும் அவர்.

மேலே ஒரு முகப்புக் கடிதம். ‘உமது விண்ணப்பம் தொடர்பில் ஆவணம் ஒன்று இணைக்கப்பட்டுள்ளது. தேசிய பாதுகாப்புக் கருதிச் சில பகுதிகள் மறைக்கப்பட்டுள்ளன.’ கீழே, நான் பார்த்த அந்தக் கறுப்புப் பக்கம்: ஒரு தடுப்புக்காவல் உத்தரவு.

அதைக் கொண்டுபோய்த் தன் தலைமைக் கந்தோரில் கொடுத்திருக்கிறார். அங்கே ஒரு கிளாக்கர் கேட்டாராம். “கடிதம் உங்கடை பேருக்கு வந்தது சரி. உள்ளுக்கை இருக்கிற ஆள் நீங்கள்தான் எண்டு எங்கை எழுதியிருக்கு? தபால்காரற்றை கைக்கு ஊரிலை இருக்கிற எல்லாற்றை கடிதமும் வரும்தானே?”

சிரிப்பு வந்ததா என்று கேட்கிறீர்களா? வந்தது. சிவநேசன் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டேன்.

தமிழ்ப் பக்கத்தை எடுத்து வாசித்தேன். கறுப்புக் கோடு வந்த இடமெல்லாம் மொழிபெயர்ப்பாளர் ஒழுங்காக ‘மறைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதியிருந்தார். மறைக்காமல் விட்டது ஒரேயொரு பந்தி. தடுத்து வைப்பதற்கான காரணம்.

‘மேற்படி நபர் குறுகிய நேரத்துக்குள் பல வீடுகளுக்குச் சென்று, கடதாசிகளைக் கையளித்து, தாமதியாமல் வெளியேறியமை அவதானிக்கப்பட்டுள்ளது. சிலரிடம் கையொப்பமும் பெற்றுள்ளார்.’

இரண்டாம் தரம் வாசித்தேன். மூன்றாம் தரமும் வாசித்தேன்.

“சிவநேசன்... இது உங்கடை வேலையெல்லே?”

“ஓம் அக்கா. அண்டைக்கு மூண்டு பதிவுத் தபால் இருந்தது. அதுதான் கையெழுத்து.”

பெயரை மறைத்தவர் தொழிலை மறைக்க மறந்துவிட்டார். இல்லை, மறக்கவில்லை. அதை எழுதியவருக்கும் மறைத்தவருக்கும் அது ஒரு தபால்காரரின் காலை நேரம் என்று படவே இல்லை. ஒரு கையெழுத்துப் போடும் முன் ஒரேயொரு கேள்வி கேட்டிருந்தால் போதாதா? ‘இவர் என்ன வேலை செய்கிறார்?’

நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று யார் சொன்னது? எனக்கும் வேண்டும். குண்டு வெடித்த பஸ்களைப் பற்றி வாசித்து அழுதவள் நான். ரகசியமாக வைக்க வேண்டிய பத்திரங்களும் ஒரு நாட்டுக்கு இருக்கத்தான் செய்யும். ஆனால் சிவநேசனின் பெயரைச் சிவநேசனிடமிருந்து மறைத்தால் எந்த நாடு பாதுகாப்பாக இருக்கும்? யாராவது விளக்கினால் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

என் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? ஒரு போட்டோக் கொப்பியின் மதிப்பு. அதற்கே நான் மூலத்தைப் பார்க்க வேண்டும், திகதி போட வேண்டும், கொப்பியில் பதிய வேண்டும், என் பெயரும் முகவரியும் தெளிவாகத் தெரிய முத்திரை குத்த வேண்டும். பிழை விட்டால் யாரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கலாம். ஒரு மனிதரை வீட்டிலிருந்து பதினான்கு மாதம் பிரித்த கையெழுத்துக்கு மேல் மட்டும் கறுப்பு மை. அதை வைத்தவரை யார் கூப்பிடுவது? என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

இதையெல்லாம் இப்போது வீரமாக எழுதுகிறேன். அன்று காலை நான் செய்தது வேறு. பேனையைத் திறந்தேன், திரும்ப மூடினேன். இது ‘அந்த’ மாதிரியான பத்திரம். கீழே என் பெயர், என் முகவரி. நாளைக்கு யாராவது படலையில் வந்து நின்று, ‘இதை ஏன் உறுதிப்படுத்தினீர்கள்?’ என்று கேட்டால்? யுத்தம் முடிந்து எவ்வளவு காலம்! அந்தப் பயம் மட்டும் இன்னும் எங்களை விட்டு இடம்பெயரவில்லை.

அவர் அதைக் கவனித்துவிட்டார்.

“ஏலாட்டி விடுங்கோ அக்கா. நான் நெல்லியடியிலை வேறை ஆரையும் பிடிக்கிறன்.”

கோபமாகச் சொல்லவில்லை, ஆறுதலாகச் சொன்னார். அதுதான் எனக்கு உறைத்தது. ஊர் பேசியபோது வாயை மூடிக்கொண்டிருந்தவள், இப்போது பேனையையும் மூடுவதா?

“இருங்கோ” என்றேன். கறுப்பைக் கறுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு கோடு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உண்மைப் பிரதி. வழக்கம்போல அவரும் கொண்டு வந்திருந்த மூன்று பிரதியிலும் கையெழுத்து வைத்தேன்.

பிறகு சத்தியக் கடதாசி. இத்தனை வருடத்தில் எத்தனையோ எழுதியிருக்கிறேன். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும், தொலைந்த அடையாள அட்டை என்னுடையதே... இப்படி ஒன்றை எழுதியதில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்:

‘இந்து சமயத்தவனாகிய நான், நேர்மையாகவும் உண்மையாகவும் உறுதி கூறுவது யாதெனில், இத்துடன் இணைக்கப்பட்ட உத்தரவில் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருக்கும் ஆள் நானே. அதில் காரணமாகக் கூறப்பட்டிருப்பது அன்றைய தினம் நான் செய்த தபால் விநியோகமே. கடிதப் பையை நான் கைவிடவில்லை. என் தோளிலிருந்து கழற்றப்பட்டது.’

கடைசி இரண்டு வசனத்தையும் சொல்லும்போது அவர் எழும்பி நின்றார்.

திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார். புதன்கிழமை பின்னேரம் திரும்ப வந்தார், கையில் ஒரு படிவத்தோடு.

“என்ன சொன்னவை?”

“கிளாக்கர் இல்லை அக்கா, இந்தமுறை பெரிய ஆள். நல்ல மனிசன். ரெண்டு தரம் வாசிச்சார். எழும்பிக் கை தந்தார். அந்த வசனத்தை வெட்டலாமாம்.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேத்தண்ணி போட எழும்பினேன்.

“ஆனால், வெட்டின இடத்திலை வேறை ஏதும் இருக்கோணுமாம். வேலைக்கு வராத ஆள், ஒண்டில் கைவிட்டவர், இல்லாட்டி லீவிலை நிண்டவர். மூண்டாவது வகை அவையின்ரை புத்தகத்திலை இல்லையாம். அதாலை இதை நிரப்பித் தரட்டாம்.”

விடுமுறை விண்ணப்பப் படிவம்.

திரும்பவும் கதிரையில் இருந்தேன். பதினான்கு மாதத்துக்கு, இவ்வளவு காலம் கழித்து, ஒரு லீவு விண்ணப்பம்! அந்த அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். தன் கைக்கு எட்டிய நல்லதை அவர் செய்திருக்கிறார். ஆனால் எந்தப் புத்தகத்திலும் ‘கொண்டுபோகப்பட்டார்’ என்று எழுத ஒரு இடம் வைக்காத அரசாங்கத்தை என்ன சொல்வது? வைத்தால் யார் கொண்டுபோனது என்ற கேள்வியும் பக்கத்தில் வந்துவிடும் அல்லவா?

படிவத்தை நிரப்பித்தான் கொண்டு வந்திருந்தார். பெயர், பதவி, நாட்கள் எல்லாம் இருந்தது. காரணம் என்ற இடத்தில் ‘தடுப்புக்காவல். சத்தியக் கடதாசி இணைக்கப்பட்டுள்ளது.’ நான் சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி.

ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. ‘விடுமுறைக் காலத்தில் தங்கியிருக்கும் முகவரி.’

“அக்கா, இதுக்கு என்ன எழுதிறது?”

“எங்கை வைச்சிருந்தவை?”

“தெரியாது. கண்ணைக் கட்டித்தான் கொண்டு போனது. பிறகு ரெண்டு இடம் மாத்தினவை. ஒரு இடத்திலையும் பேர் சொல்லேல்லை. கடைசி இடத்திலை காலமை ரயில் சத்தம் கேக்கும். அவ்வளவுதான் தெரியும். விடேக்கை கேட்டனான், ஒருத்தரும் சொல்லேல்லை.”

எனக்குப் பதற்றமாக இருந்தது. மாதம் முடியப் பன்னிரண்டு நாள்தான். கட்டம் வெறுமையாக இருந்தால் படிவம் திரும்பி வரும். திரும்பி வந்தால் நாள் போதாது. அந்த வசனம் அப்படியே இருந்துவிடும்.

“வீட்டு விலாசத்தைப் போட்டு விடுங்கோ சிவநேசன். லீவிலை நிக்கிற ஆக்கள் வீட்டிலைதானே நிப்பினம்? ஆர் போய்ப் பாக்கப் போயினம்?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நான் அங்கை இருக்கேல்லை அக்கா. அந்தப் பதினாலு மாசமும் என்ரை மனிசி அந்த வீட்டிலை இருந்துதான் ஒவ்வொரு முகாமாய் என்னைத் தேடித் திரிஞ்சவள். அந்த விலாசத்தைப் போட்டால் அவள் தேடினது பொய்யாய்ப் போகும்.”

படிவத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

என் நீலப் பேனையை வாங்கினார். படிவத்தை மடியில் வைத்து, அந்தக் கட்டத்துக்குள் நிதானமாக எழுதினார்:

‘அரசாங்கத்துக்குத் தெரியும்.’

“திருப்பி அனுப்பினால்?” என்றேன்.

“அனுப்பட்டும். பதிவுத் தபாலிலை வந்தால் நான்தான் வாங்கோணும்.”

படிவத்தை வாங்கி, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தேன்.

பிழை ஒன்றும் இல்லை. கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.