யார் முதலில் பேசுவது

என் மகள் கணினி வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை தான் எழுதிய இரண்டு சின்ன நிரல்களை என்னிடம் காட்டினாள். ஒன்று சர்வர். அது ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்களா என்று உட்கார்ந்திருக்கும். இன்னொன்று கிளையன்ட். அது அந்த எண்ணைத் தேடிப் போய்க் கூப்பிடும். இரண்டும் சேருகிற முனைக்குச் சாக்கெட் என்று பெயராம். அன்றைக்கு இணைப்பு கிடைத்துவிட்டது, ஆனால் திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை. அவள் அரை மணி நேரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் காதக் குடுத்துட்டு உக்காந்திருக்குது கண்ணு. மொதல்ல யாரு பேசறதுன்னு நீ சொல்லிக் குடுக்கல" என்றேன்.

அதுதான் பிழை. உனக்கு எப்படியம்மா தெரியும் என்று வாயைப் பிளந்தாள். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அதே பிழையால் ஒரு வேலையையே தொலைத்தவள் நான்.

எழுபதுகளின் நடுவில் வாளையார் பக்கம் ஒரு நூல் மில்லில் டெலிபோன் போர்டில் வேலை பார்த்தேன். போர்டு என்றால் ஒரு பெரிய மரப்பெட்டி. அதன் முகத்தில் வரிசையாக முப்பது ஓட்டைகள், மானேஜர் அறைக்கு ஒன்று, குடோனுக்கு ஒன்று, கேட்டுக்கு ஒன்று என்று. யாராவது போனை எடுத்தால் அவருடைய ஓட்டைக்கு மேலே இருக்கும் சின்ன மூடி டக்கென்று விழும். ஒரு ஒயரை அங்கே செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, அதன் ஜோடி ஒயரை அவர் கேட்ட ஓட்டையில் செருக வேண்டும். பேசி முடித்ததும் இரண்டையும் பிடுங்க வேண்டும். வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுப் பேச பாலக்காடு எக்ஸ்சேஞ்சுக்குப் போகிற லைன் ஒன்றே ஒன்றுதான், புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

காலை ஷிப்டில் நான், மதியம் இன்னொருத்தி. இருவருமே தற்காலிகம். நிரந்தர வேலை ஒன்றுதான் என்று மானேஜர் முதலிலேயே சொல்லிவிட்டார். நிரந்தரமானால் மில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். இரண்டு அறை, வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். நான் அப்போது பாலக்காட்டுச் சித்தூருக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரருடைய அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு டம்ளர் காப்பி வைக்கவும் ஓரகத்தியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் குவார்ட்டர்ஸ் அடுப்பில் நான் மனதுக்குள் எத்தனையோ தடவை காப்பி வைத்துக் குடித்திருக்கிறேன்.

அந்த மதிய ஷிப்டுக்காரி உடும்பஞ்சோலை மலைப் பக்கத்து ஏலத் தோட்டத்துப் பெண். அப்பா தோட்டத்து ஆபீசில் கணக்கப்பிள்ளை. அவர் மேசைமேல் இருந்த போனைப் பார்த்தே வளர்ந்தவள். வயதில் என்னைவிட ஐந்தாறு சின்னவள். வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மில் முழுக்க அவள் பேச்சுத்தான். "ஆ குட்டி விளிச்சால் உடனே கிட்டும்" என்று, அந்தப் பெண் கூப்பிட்டால் உடனே லைன் கிடைக்கும் என்று, மானேஜர் மலையாளத்தில் என் முன்னாலேயே சொன்னார். அவசர டிரங்க் கால் என்றால் காலையில் புக் செய்யாமல் அவள் வரட்டும் என்று காத்திருக்கவே ஆரம்பித்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அவள் சிரித்தால் எரிந்தது, அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் எரிந்தது. அவள் ஒரு நாள் தும்மினாள், அதற்கும் எரிந்தது.

எனக்கு என்ன குறை? யார் கூப்பிட்டாலும் "வணக்கமுங்க, சொல்லுங்க" என்று மரியாதையாகத்தான் பேசினேன். ஒருவேளை அதுதான் குறையோ என்று தோன்றியது. வெளியூர் லைன் கிடைத்த உடனே நான் "கேக்குதுங்களா, ஏனுங்க, கேக்குதுங்களா" என்று ஆரம்பிப்பேன். அந்தப் பக்கத்து ஆளும் அதே நேரத்தில் பேசுவார். இரண்டு பேச்சும் மோதி, யாருக்கும் ஒன்றும் புரியாமல், மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். மூன்று நிமிட டிரங்க் காலில் ஒரு நிமிடம் இதிலேயே போகும்.

ஷிப்ட் மாறும்போது அரை மணி நேரம் இருவரும் ஒன்றாக இருப்போம். காலையில் புக் செய்த டிரங்க் கால்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் கிடைக்கும். நான் பதிவேட்டில் எழுதுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு அவளைக் கவனித்தேன். ஒயரைச் செருகினாள். வாயே திறக்கவில்லை. அந்தப் பக்கத்து ஆள் ஊர்ப்பெயரைச் சொல்லி முடிக்கும் வரை சும்மா இருந்தாள். அப்புறம்தான் பேசினாள். நான்கு நாள் பார்த்தேன், நான்கு நாளும் அப்படியே. சே, இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. ரகசியத்தைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு ராத்திரிச் சோறு இரண்டு கை கூடவே இறங்கியது.

ஆனால் அவள் வெளியே கூப்பிட்டதை மட்டுமே நான் பார்த்திருந்தேன். தனக்கு வருகிற அழைப்பை அவள் எப்படி எடுக்கிறாள் என்பதைப் பார்க்கவில்லை. அப்படி ஒன்று வேறாக இருக்கும் என்று எனக்கு உறைக்கவும் இல்லை.

அடுத்த வாரம் மானேஜர் எங்களுக்குப் பரீட்சை வைத்தார். காலையில் நான் போர்டில் இருக்க வேண்டும். அவள் குடோன் போனிலிருந்து, மானேஜர் சொல்லச் சொல்ல என்னிடம் லைன் கேட்க வேண்டும். அவர் கையில் கடிகாரத்தோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மதியம் நாங்கள் இடம் மாற வேண்டும்.

குடோன் மூடி விழுந்தது. ஒயரைச் செருகினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. நான் பொறுமையாக இருந்தேன், என் பொறுமையை நானே மெச்சிக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து அங்கே போனை வைத்த சத்தம் கேட்டது. மறுபடி மூடி விழுந்தது. மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவை மானேஜரே போனை வாங்கிக் கத்தினார்.

"போர்டில் ஆருமில்லே?"

"இருக்கேனுங்க" என்றேன்.

அவர் தாளில் அதற்குள் இரண்டு தடவை 'பதில் இல்லை' என்று எழுதிவிட்டார். மதியம் அவள் போர்டில் உட்கார்ந்தாள். நான் குடோனில் போனை எடுத்த அடுத்த நொடி "போர்டு" என்று அவள் குரல் வந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

சாயங்காலம் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்புள்ள, காலைல நீ ஏன் ஒரு வார்த்த பேசல?"

"கூப்பிடுதவ காத்துத்தானக்கா இருக்கணும்? போர்டுதான மொத பேசணும்" என்றாள். கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு சொன்னாள். திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் அவளுக்கு ஆர்டர் வந்தது. எனக்கு அந்த மாதக் கடைசி வரைதான் வேலை. வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று அவள் மானேஜரிடம் அனுமதி வாங்கி, குடோன் போனிலிருந்து தோட்டத்து ஆபீசுக்கு ஒரு டிரங்க் கால் போட்டாள். போர்டில் இருந்தது நான். அவளுடைய சந்தோஷத்தை நானே என் கையால் செருகிக் கொடுக்க வேண்டியிருந்தது. பேசி முடித்தாயிற்றா என்று பார்க்க, போர்டில் இருக்கும் சாவி என்கிற சின்ன விசையைக் கொஞ்சம் திறந்து கேட்கலாம். நான் முதலிலிருந்தே திறந்து வைத்திருந்தேன்.

"அப்பா, வேல கெடச்சிட்டு."

"ஏட்டி, நெசமாவா? நெரந்தரமா?"

"நெரந்தரந்தான்ப்பா." அப்புறம் அவள் குரல் உடைந்தது. "ஒண்ணு சொல்லணும்ப்பா. பரீட்ச அன்னிக்கு அந்த அக்கா லைன்லதான் இருந்தாவ. மூச்சு விடுத சத்தம் எனக்குக் கேட்டிச்சு. 'யக்கா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா பேசியிருப்பாவ. நான் வேணும்னுதான் பேசாம இருந்துட்டேன். ரெண்டு தடவையும்."

மலைமேல் அவள் அப்பா தொண்டையைச் செருமினார். "இங்க பாரு பிள்ள…"

நான் ஒயரைப் பிடுங்கினேன்.

அவள் போர்டு அறைக்கு ஓடி வந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. "லைன் கட்டாயிட்டாக்கா?"

"மலை லைனாச்சே. போயிருச்சு."

"மறுபடி கெடைக்குமா?"

"இன்னைக்குக் கெடைக்காது" என்றேன். எக்ஸ்சேஞ்சில் நான் கேட்கக்கூட இல்லை.

அவள் அப்பா என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திட்டியிருப்பாரா, போகட்டும் என்றிருப்பாரா, யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். அதுவரை அவளுடைய வேலையைப் பார்த்தும் அந்தக் குவார்ட்டர்ஸைப் பார்த்தும்தான் பொறாமைப்பட்டேன். அன்று சித்தூர் பஸ்ஸில் போகும்போது அவை இரண்டையும்விட வேறொன்று என்னைப் பிடுங்கித் தின்றது. செய்ததைச் சொல்ல அவளுக்கு ஒருவர் இருந்தார். வீட்டுக்குப் போனதும் என்ன ஆயிற்று என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வேலை அவளுக்குப் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன்.