அட்டையில் நாலு மாத்திரை மீதி

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஏழு வயதில் வந்த விஷக்காய்ச்சலை. குள்ளமாக இருக்கிறாள், மேசை எட்டாது என்று சலவைக்கூடத்தில் வேலை தர மறுத்த மேனேஜரை. விட்டுப்போன புருஷனை. இரண்டு பெண்களையும் அவள் ஒருத்தியாகவே ஆளாக்கினாள். கடைசியாக, ரத்தத்தில் ஒன்பது புள்ளி நாலு என்ற எண்ணை. மற்றதெல்லாம் ஊரறிந்தது. கடைசியைப் பற்றித்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடித்து அனுப்பும் கூடம் அது. இருபத்தெட்டு வருஷம் நின்றுகொண்டே மடித்தாள். ஓரம் ஒரு நூல்கூடப் பிசகாது என்பதால் அங்கே அவள் பெயர் ரூலர். அப்படி நின்றதில் வலது முட்டி தேய்ந்துபோனது. பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்றத் தேதி கொடுத்தார்கள்.

"ரூலரு, காலை மட்டும் மாத்துறியா, ஆளையே மாத்திக்கிட்டு வரப்போறியா?" என்றாராம் மேஸ்திரி.

"உங்க நாக்கை மாத்துற டாக்டர் இருந்தா கேட்டுட்டு வரேண்ணே."

அக்டோபரில் சோதித்தபோது ரத்தம் குறைவு, ஒன்பது புள்ளி நாலு. இந்த நிலையில் கத்தி வைத்தால் ஆபத்து, இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று, எட்டு வாரம் கழித்து வா என்றார்கள். வேறெங்கும் ரத்தம் கசியவில்லை என்றும் பார்த்துவிட்டார்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஒரு தாளை நீட்டினார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறாள்.

"மாத்திரை வாங்கினதுக்குத்தாம்மா. வை, வை."

கட்டைவிரலை வைத்துவிட்டு வந்தாள்.

டிசம்பரில் நானும் கூடப் போனேன். ஒன்பது புள்ளி ஆறு. டாக்டர் பேனாவை மூடினார்.

"மாத்திரை சாப்பிடலை. சாப்பிட்டிருந்தா ஏறியிருக்கும்."

நான் பையைத் திறந்து மேசைமேல் அடுக்கினேன். ஐந்து காலி அட்டை, ஆறாவதில் நாலு மீதி. அறுபதில் ஐம்பத்தாறு போயிருக்கிறது. எட்டு வாரத்துக்குக் கணக்குச் சரி.

"காலி அட்டைதானே? பிச்சுக் குப்பையிலயும் போடலாம்."

"இந்த மாத்திரையால வெளிக்குக் கருப்பாப் போகுதே சார், அதையும் நான் சாயம் போட்டா கொண்டுவரேன்?" என்றாள் தங்கை. அவர் நிமிரவே இல்லை. மார்ச்சிலும் ஏறாவிட்டால் பெயர் பட்டியலின் அடிக்குப் போகும், இரண்டு வருஷம் ஆகும் என்றார். அதுவரை அந்த முட்டி தாங்காது. நிற்க முடியாதவளுக்குக் கூடத்தில் வேலையும் இல்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். ஒரு நர்ஸ் நின்று விசாரித்தார். அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எதோடம்மா முழுங்குவீங்க?"

"டீயோடதான். எங்க கூடத்துல குடிதண்ணி ஏது? பத்து மணிக்கு டீ வரும், அப்பவே ரெண்டையும் போட்டுக்குவேன்."

"ரெண்டா?"

இன்னொன்று எலும்புக்கான சுண்ணாம்புச்சத்து மாத்திரை. ஜன்னலில் இரண்டையும் ஒரே ரப்பர் பேண்டில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். சேர்த்துக் கட்டினால் சேர்த்துச் சாப்பிடத்தான் என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்? டீயும் சுண்ணாம்புச்சத்தும் இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது என்று நர்ஸ் சொன்னார். டாக்டரிடம் உள்ளே போய்க் கேட்டு வந்து, ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில், எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு, டீ இரண்டு மணி நேரம் கழித்து, மற்ற மாத்திரை ராத்திரிக்கு என்று எழுதித் தந்தார். அந்தச் சீட்டு அரைப்பக்கம்கூட இல்லை. அதை அக்டோபரில் சொல்ல யாருக்கு வாய் வலித்தது?

அவர் கையிலிருந்த ஃபைலை வாங்கிப் பார்த்தேன். ஜன்னலில் நீட்டிய தாள் அதில் இருந்தது. 'மாத்திரை உட்கொள்ளும் முறை நோயாளிக்கு முழுமையாக விளக்கப்பட்டது.' கீழே என் தங்கையின் கட்டைவிரல் ரேகை. வாசித்துக் காட்டினேன்.

"அப்போ என் விரலையே பொய் சொல்ல வச்சுட்டாங்களாக்கா?"

நான் எட்டாவது வரை படித்தேன். கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள அவள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் நின்றதால் படித்தேன். அன்று சாயங்காலமே அவளுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லித்தர ஒரு கோடுபோட்ட நோட்டு வாங்கினேன்.

மாத்திரை நாளில் நோட்டில் ஒரு பக்கம் என்று அவளே வைத்துக்கொண்டாள். விரிப்பு மடிப்பதுபோலவே எழுதினாள். ஒரு சுழி கோட்டைத் தாண்டினால் பக்கம் முழுக்க அடித்துவிட்டு மறுபடி.

"முதல் எழுத்து மட்டும் போட்டாலும் கையெழுத்துதாண்டி."

"பாதி விரிப்பை மடிச்சு அனுப்பினா வாங்கிக்குவாங்களா? முழுசா சொல்லிக்குடு."

மார்ச்சில் பன்னிரண்டு புள்ளி மூன்று. டாக்டர், "இப்பத்தான் ஒழுங்கா சாப்பிட்டிருக்கீங்க" என்றார். இன்றுவரை அந்த மனிதர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சம்மதத் தாளோடு குமாஸ்தா மைப்பெட்டியையும் தள்ளினார். தங்கை அதைத் திருப்பித் தள்ளினாள்.

"நாலு பக்கத்தையும் வாசிங்க."

"பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்கம்மா."

"நானுந்தான் நிக்கிறேன், இந்தக் காலை வச்சுக்கிட்டு."

வாசித்தார். இரண்டு இடத்தில் நிறுத்தி அர்த்தம் கேட்டாள். பிறகு பேனாவை வாங்கி, முழுப் பெயரையும் கோட்டின்மேல் எழுதினாள். தேதியையும் அவளே போட்டாள்: 14 மார்ச் 2019.