கட்டைவிரலுக்குக் கேட்ட உரசல்

பெல்மதுளைக் கடைத்தெருவில் பழைய ஸ்பீக்கர் விற்பவர் அவர். ஒல்லியான மனிதர், கைகள் மட்டும் பெரியவை. எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சர்ச்சின் பேஸ் கிட்டாருக்கான ஒலிபெருக்கிப் பெட்டிக்கு, ஞாயிறுக்குள் வூஃபர் என்ற பெரிய ஸ்பீக்கர் வேண்டியிருந்தது. பளபளப்பான ஒன்றை எடுத்தேன். அவர் அதை மாணிக்கக் கல் பார்ப்பவரைப் போல வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தார். ஓட்டை ஏதும் இல்லை. பிறகு கண்ணை மூடி, இரண்டு கட்டைவிரலாலும் அதன் காகிதக் கூம்பை மெல்ல அழுத்தினார்.

“வேணாங்க. உள்ள கொயில் கம்பி ஒரசுது.”

“எனக்கு ஒன்னும் கேக்கலையே, அண்ணே.”

“மாட்டித் தாறேன், வாசிச்சுப் பாருங்க.”

கொண்டுபோன கிட்டாரின் தடித்த கம்பியைத் தட்டினேன். கரகரத்தது. அவர் சிரிக்கவில்லை. துருப்பிடித்த இன்னொன்றை அழுத்திப் பார்த்து நீட்டினார். ஞாயிறு ஆராதனையில் அது பெஞ்சுகளையே அதிரவைத்தது.

இப்போதும் எந்த ஸ்பீக்கரைக் கண்டாலும் கண்ணை மூடி அழுத்திப் பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் கேட்பதில்லை.