ஏழுமலை வண்டியில நான் ஊத்தின ஆயில்

ஏழுமலையோட கார் இன்ஜின சாகடிச்சவன் நான்தான். அவன் புள்ள தினேஷ் இல்ல.

சொல்லிட்டேன்... இப்ப நீங்க காறித் துப்பலாம். தொடைச்சிக்கினு மேல சொல்றேன்.

நான் ஆயில் கடைக்காரன். கும்மிடிப்பூண்டியில சிப்காட்டுக்குப் போற ரோட்ல ஷீட்டு போட்ட கடை. ஆயில் விப்பேன், அங்கியே வண்டிய நிறுத்தி மாத்தியும் குடுப்பேன். உடம்பெல்லாம் ஆயில், வாயெல்லாம் ஜோக்கு. டிரைவருங்க ஆயில் மாத்த வர்றதவிட சிரிக்க வர்றதுதான் ஜாஸ்தி. "நாகு அண்ணன் கடைக்குப் போனா மனசும் சர்வீஸ் ஆயிடும்"னு சொல்வானுங்க. அந்தப் பேரு எனக்குப் புடிச்சிருந்திச்சி. ரொம்பப் புடிச்சிருந்திச்சி! அதான் வெனை.

ஏழுமலை என் கூட்டாளி. ரெண்டு பேரும் ஒரே கம்பெனியில, ஒரே ஷிப்டுல இரும்பு தூக்கினவனுங்க. கம்பெனிய மூடிட்டாங்க. நான் கடை வச்சேன். அவன் ஏழு சீட்டு டீசல் கார் ஒண்ணு எடுத்தான். கம்பெனி ஆளுங்கள ஷிப்டுக்கு ஏத்தி எறக்கற கான்ட்ராக்ட். பகல்ல அவன் ஓட்டுவான், ராத்திரியில தினேஷ் ஓட்டுவான்.

அவன் பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா. ஊட்ல ரெண்டே ஆம்பளைங்க. அப்பன் சோறு வடிப்பான், புள்ள கொழம்பு வைப்பான். வண்டி கழுவறதுல தெனம் சண்டை... "நான் கழுவறேன், நீ போயி தூங்குப்பா." "நீ தூங்குடா, நைட்டெல்லாம் முழிச்சிக்கினு வந்துகீற." அந்த மாதிரி சண்டைய நீங்க எங்கனா பாத்திருக்கீங்களா? நான் தெனம் பாத்தேன். பாத்துமா அப்படிப் பண்ணேன்?

அந்த வண்டிக்கு சிந்தெடிக் ஆயில்தான் ஊத்தணும். டர்போ வச்ச இன்ஜின், சூடு ஜாஸ்தி. சாதா ஆயில் அந்த சூட்ல சீக்கிரம் கெட்டுப்பூடும். சிந்தெடிக் தாங்கும், அதிக தூரம் ஓடும். ஆயில் கடைக்காரனுக்கு இது தெரியாதா? நல்லாவே தெரியும்! ஆனா கடையில நான் எடுத்து உடற பெரிய ஜோக்கே சிந்தெடிக்க வச்சித்தான்.

"இன்னாடா சிந்தெடிக்கு? பாலியஸ்டர் வேட்டி கட்டிக்கினா மாப்ள ஆயிடுவியா? ஆயில்னா ஆயில்தான்!"

எல்லாரும் சிரிப்பானுங்க. ஏழுமலை மட்டும் சிரிக்க மாட்டான்.

"நீ இன்னா வேணா சொல்லு நாகு. இந்த ஆயில ஊத்தின அன்னிலேர்ந்து இன்ஜின் சத்தமே மாறிப்போச்சி. மெத்து மெத்துன்னு போவுது."

"சத்தம் மாறல மச்சான். உன் காது அடைச்சிக்கிச்சி."

"போடா பேமானி."

எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்காரன் கண்ணு முன்னாடிதான் கேன் சீல ஒடைக்கணும். ஊத்தி முடிச்சதும் காலி கேன அவன் கையிலயே குடுத்துடணும். கூடப் பொறந்தவனா இருந்தாலும் பக்கத்துல நின்னு பாப்பான். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

ஏழுமலை நிக்க மாட்டான். "நீ ஊத்தறத நான் பாக்கணுமாடா?"ன்னு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் பூடுவான்.

அன்னிக்கும் போனான். அவன் முதுகப் பாத்துக்கினே எனக்கு ஒரு யோசனை வந்திச்சி...

அவனோட சிந்தெடிக் கேன சீல் ஒடைக்காம அலமாரிக்குப் பின்னாடி வச்சேன். டிரம்ல இருந்த சாதா ஆயில அவன் வண்டியில ஊத்தினேன். வேற ஒரு காலி சிந்தெடிக் கேன எடுத்து சீட்டுக்கடியில போட்டேன்.

காசுக்காக இல்லீங்க! சத்தியமா இல்ல. காசுக்குப் பண்ணியிருந்தா திருடன்னு ஒரு பேராவது இருக்கும். சிரிப்புக்காகப் பண்ணவனுக்கு இன்னா பேரு?

கொஞ்ச நாள் போவட்டும்... எல்லா டிரைவரும் இருக்கறப்போ அந்த கேன வெளிய எடுத்து, "இதோ பாரு மச்சான் உன் மெத்து மெத்து!"ன்னு காட்டணும். அவன் மூஞ்சி போற போக்கப் பாக்கணும். அவ்ளோதான் திட்டம்.

டீ குடிச்சிட்டு வந்தான். ஸ்டார்ட் பண்ணான். தலைய சாய்ச்சிக் கேட்டான்.

"பாத்தியா நாகு? புது ஆயில் போனதும் எப்டி மெத்துன்னு கீது!"

சிரிப்ப அடக்க உதட்டக் கடிச்சேன். அப்பவே சொல்லியிருக்கலாம்... அங்கியே நாலு டிரைவருங்க நின்னானுங்க, சிரிப்பும் ரெடியா இருந்திச்சி. ஆனா ஜோக்கும் பலாப்பழம் மாதிரி, பழுத்தாத்தான் ருசின்னு எனக்கு ஒரு திமிரு.

சாதா ஆயில மாத்த வேண்டிய தூரம் வந்திச்சி. தாண்டியும் போச்சி. அவன் சிந்தெடிக் கணக்குலயே ஓட்டிக்கினு இருந்தான். தெனம் கடைய தாண்டறப்போ ஹாரன் அடிப்பான். ஒவ்வொரு ஹாரனுக்கும் நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். உள்ளுக்குள்ள இன்னொண்ணும் இருந்திச்சி, அதையும் மறைக்கக் கூடாது... முழு தூரமும் சாதா ஆயில்லயே ஓடிட்டா நான் ஜெயிச்சேன்! ஆயில்னா ஆயில்தான்!

ஒரு நாள் காலையில, நைட் ஷிப்டு ஆளுங்கள ஊட்ல உடப் போன தினேஷ் கவரப்பேட்டை தாண்டி நின்னுட்டான். இன்ஜின் ஜாம். நல்லவேளை, யாருக்கும் ஒரு கீறல் கூட இல்ல. கயிறு கட்டி இழுத்துக்கினு வந்து என் பக்கத்து ஷெட்டுல போட்டாங்க. மெக்கானிக்கு கீழ கழட்டிப் பாத்தாரு. உள்ள ஆயிலே இல்ல, தாருதான் இருந்திச்சி. கெட்டியா, கருப்பா...

"ஆயில் போற வழியே அடைச்சிக்கினு கீது. இன்னா ஆயில் ஊத்தின நைனா?"

"சிந்தெடிக். நம்ம நாகு கையால" அப்டின்னான் ஏழுமலை.

எல்லாரும் என்னப் பாத்தாங்க. தினேஷும் பாத்தான்.

"சிந்தெடிக்தான்" அப்டின்னேன்.

ஒரே வார்த்தை! என் வாயில ஒரு நாளைக்கு எத்தினி வார்த்த வரும்... அந்த எடத்துல வந்தது அது ஒண்ணுதான்.

"அப்டின்னா சூடேறி லைட்டு எரிஞ்சும் நிறுத்தாம ஓட்டிக்கினு வந்துகீறான் பையன்" அப்டின்னாரு மெக்கானிக்கு.

"இல்லப்பா! எரிஞ்ச ஒடனே ஓரங்கட்டிட்டேன்பா. நான் ஒண்ணும்..."

முடிக்கல. கன்னத்துல அறை உழுந்திச்சி. அத்தினி டிரைவருங்க எதிர்ல, கூடப் பொறந்த தம்பி மாதிரி பாத்துக்கினவன அடிச்சான் ஏழுமலை.

"அந்த செவ்வாப்பேட்டைப் பொண்ணு கூட போன்ல பேசிக்கினு வந்தியா? குடிச்சிக்கினு ஓட்டினியா? உங்கம்மா கழுத்துல இருந்ததெல்லாம் இந்த வண்டியிலதான்டா கீது! கொன்னுட்டியேடா!"

தினேஷ் கன்னத்தப் புடிச்சிக்கினு என் பக்கம் திரும்பினான். "மாமா... நீங்களாச்சும் சொல்லுங்க மாமா."

நான் இன்னா சொன்னேன் தெரியுமா?

"உடு மச்சான். இன்ஜினுக்கு மாரடைப்பு. அதுக்குப் போயி வயசுப் பையன அடிக்கிறியே!"

ரெண்டு பேரு சிரிச்சாங்க... ஆமா, அப்பவும் எனக்கு சிரிப்பு கெடைச்சிச்சி.

அந்த வாரமே தினேஷ் ஊட்ட உட்டுப் போனான். அத்திப்பட்டு பவர் பிளான்ட்ல கான்ட்ராக்ட் வேலை. எங்க லைன்லதான் ரயிலு. ஏறினா ஒரு தூக்கம் தூங்கி முடிக்கறதுக்குள்ள அத்திப்பட்டு வந்துடும். ஒருத்தர ஒருத்தர் பாக்க அப்பனும் ஏறல, புள்ளயும் ஏறல.

புது இன்ஜின் போட காசு இல்ல, வண்டி எடைக்குப் போச்சி. ஏழுமலை ஒரு கம்பெனி கேட்ல வாச்மேன் ஆனான். அடுத்தவன் காருக்கு கேட்டு தொறக்கறான். அலமாரி பின்னாடி இருந்த கேன நான் வழியில போற யாரோ ஒருத்தர் வண்டிக்கு ஊத்தி அனுப்பினேன். அந்த வண்டி சத்தமே இல்லாம போச்சி... மெத்து மெத்துன்னு.

போன ஆவணியில தினேஷ் என் கடைக்கு வந்தான். கையில பத்திரிகை. அந்தப் பொண்ணுதான். செவ்வாப்பேட்டை.

"அப்பா பேரு போட்டுகீறேன் மாமா. ஆனா கூப்புடல. பண்ணாத தப்புக்கு அடிச்சாரு, குடிகாரன்னாரு. இன்னி வரைக்கும் ஒரு வார்த்த கேக்கல."

"அப்பன்டா அவன். நீ போயி நில்லு, எல்லாம் சரியாப் பூடும்."

"முடியல மாமா..." கொஞ்ச நேரம் டிரம்மயே பாத்துக்கினு நின்னான். "நீங்களும் அத்தையும்தான் அப்பா அம்மா எடத்துல உக்காரணும். அன்னிக்கு அத்தினி பேர்ல எனக்காகப் பேசின ஒரே ஆளு நீங்கதான் மாமா."

இத படிக்கிற நீங்களே சொல்லுங்க... அந்த எடத்துல ஒரு மனுசன் இன்னா பண்ணணும்? சொல்லிடணும் இல்ல? வாயத் தொறந்தேன். "சாப்பாட்டுல வடை உண்டா?" அப்டின்னேன். கண்ணத் தொடைச்சிக்கினே சிரிச்சான்.

போனேன். திருவள்ளூர்ல மண்டபம். நானும் என் பொண்டாட்டியும் மணையில உக்காந்தோம். பாத பூஜை. தாம்பாளத்துல என் கால எடுத்து வச்சி தினேஷ் தண்ணி ஊத்தினான். மஞ்சள் வச்சான், குங்குமம் வச்சான். குதிகால் வெடிப்புல வருசக்கணக்கா ஏறின ஆயில் கருப்பு. கட்டவெரலால தேச்சான். போவல. இன்னும் அழுத்தித் தேச்சான்.

"உட்றா. அது கூடவே பொறந்தது" அப்டின்னேன். மண்டபமே சிரிச்சிச்சி. அவன் குனிஞ்சி என் கால்ல நெத்திய வச்சான். சூடா தண்ணி பட்டிச்சி... அது செம்புத் தண்ணி இல்ல.

மறுநாள் ஏழுமலை நிக்கிற கேட்டுக்குப் போனேன். யூனிபார்ம் தொளதொளன்னு இருந்திச்சி. கொஞ்ச நேரம் வெயிலப் பத்திப் பேசினான், லாரிங்களத் திட்டினான். அப்புறம் ரோட்டப் பாத்துக்கினே கேட்டான்.

"மாப்ளக் கோலத்துல... நல்லா இருந்தானா?"

அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

"நல்லா இருந்தான் மச்சான்."

"ஒடம்பு எளைச்சிட்டானா?"

"இல்ல. லேசா தொப்ப கூட வுழுந்துகீது."

சிரிக்கப் பாத்தான், வரல. "கால் கழுவற எடத்துல யாருடா உக்காந்தது?"

"நான்தான்..."

ஏழுமலை என் கைய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினான். ரொம்ப நேரம் உடல.

"நல்லது நாகு. நான் பண்ண பாவத்துக்கு நீயாவது அவனுக்கு இருக்கியே... ரொம்ப தேங்க்ஸ்டா."

எத்தினியோ வருசப் பழக்கம். பேமானின்னுவான், சோமாறின்னுவான். தேங்க்ஸ்னு அவன் சொல்லி அன்னிக்குத்தான் கேட்டேன்.

லாரி ஒண்ணு ஹாரன் அடிச்சிச்சி. கேட்டு தொறக்க ஓடினான். நான் வண்டிய எடுத்துக்கினு கடைக்கு வந்துட்டேன்... சொல்லாமத்தான்.