நடுப்பகல் வரைக்கும் ஒரு சத்தியம்

மெக்னெஸ் நகரத்தில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற புஷ்தாவுக்கு ஐம்பத்தாறு வயது. மூட்டுவலி உண்டு, முன்பல் இரண்டு கிடையாது. ஆனாலும் ஆஷூரா பண்டிகை விடிந்துவிட்டால் அவரைப் பிடிக்க ஆள் கிடையாது. அது ஸம்ஸம் நாள். நடுப்பகல் வரை யார்மேல் யார் தண்ணீர் ஊற்றினாலும் கோபிக்கக் கூடாது, அது பரக்கத், இறையருள். வருஷம் முழுக்கக் குழாயை மூடுங்கள், மூடுங்கள் என்று சொல்லித் திரிகிற மனிதர், அன்றைக்கு மட்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால் ஓடுவார். வெட்கமில்லையா என்று கேட்டவர்கள் உண்டு. வெட்கப்பட அதில் என்ன இருக்கிறது? நனைந்தவன் காய்ந்துவிடுவான், அவ்வளவுதானே.

இந்த வருஷம் பார்த்து, அதே காலையில் மகள் இல்ஹாமைப் பெண் கேட்டு வருகிறார்கள். பையனின் அப்பா ஹாஜி அப்துல்வாஹித், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. இல்ஹாமுக்கோ அந்தப் பையன் என்றால் உயிர்.

மனைவி ரஹ்மா விடியும்போதே வாளியைப் பறித்து வைத்துக்கொண்டாள்.

"நடுப்பகல் பாங்கு சொல்ற வரைக்கும் தண்ணியக் கையால தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யணுமேடீ?"

"அத இப்பவே செஞ்சுட்டு வாங்க. பொண்ணு வாழ்க்கைங்க!"

அல்லாஹ்மேல் சத்தியம் செய்தார். வெள்ளை ஜெல்லாபா அங்கியை மாட்டிக்கொண்டு, சுன்னத் முடிந்த பிள்ளை மாதிரி கூடத்தில் அசையாமல் உட்கார்ந்தார்.

வெளியே தெரு அல்லோலகல்லோலப்பட்டது. "புஷ்தா மாமா, செத்துட்டீங்களா?" என்று பிள்ளைகள் கத்தின. திடீரென்று சத்தம் அடங்கியது. எட்டிப் பார்த்தார். ஹாஜி தெருவுக்குள் வருகிறார். அத்தனை வாளிகளும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. மாடிமேல் நின்றவர்கள்கூடத் தலையை இழுத்துக்கொண்டார்கள்.

புதினாத் தேநீர் வந்தது. ஒரு மிடறு குடித்துவிட்டு ஹாஜி கேட்டார்: "இந்தத் தெருவுல நரைச்ச மனுஷன் ஒருத்தர் ஸம்ஸம் அன்னிக்கு வாளியோட ஓடுவாராமே. அது யாரு?"

ரஹ்மா முந்திக்கொண்டாள். "அது அந்தக் காலத்துல, ஹாஜி..."

புஷ்தா மகளைப் பார்த்தார். மருதாணிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பொய் சொல்லிக் கட்டிக்கொடுத்தால் நாளைக்கு அவளல்லவா அதைச் சுமக்க வேண்டும்?

"நான்தான் ஹாஜி. போன வருஷமும் ஓடினேன். இன்னிக்கும் ஓடியிருப்பேன். நீங்க வந்ததாலதான் கட்டிப்போட்ட மாதிரி உக்காந்திருக்கேன்."

ஹாஜி கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "வெளிய வாங்க."

போச்சு, எல்லாம் போச்சு என்று ரஹ்மா தலையில் கை வைத்தாள். இல்ஹாமின் கண் நிறைந்துவிட்டது.

வாசலில் நின்று ஹாஜி தெருவைப் பார்த்தார். மறுபடியும் அதே அமைதி. "பாத்தீங்களா? நாப்பது வருஷமா இப்படித்தான். நான் வந்தா தெரு காய்ஞ்சு போயிடும். ஒரு பய ஒரு சொட்டுத் தெளிச்சதில்ல." கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்தார். "ஊத்துங்க, சம்பந்தி."

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் புஷ்தாவுக்குக் கால் தரையில் இல்லை. கையோ தானாக வாளியைத் தேடிப் போனது. பாதியில் நின்றது.

"சத்தியம் பண்ணிட்டேனே, ஹாஜி. பாங்கு சொல்லணும்."

"பாங்குக்கு அப்புறம் ஊத்தினா அது வெறும் தண்ணிய்யா!"

பின்னாலிருந்து ரஹ்மா வந்தாள். விருந்தாளிகள் கைகழுவ நிரப்பி வைத்திருந்த செம்புக் கெண்டி அவள் கையில்.

"சத்தியம் பண்ணது நீங்க. நான் பண்ணலியே" என்றவள், முதலில் புருஷன் தலையிலும், பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி ஹாஜி தலையிலும் கவிழ்த்தாள்.

ஹாஜியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்புதான் என்று புரியவே தெருவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் விட்டார்களா? பின்னால் மறைத்த வாளியெல்லாம் முன்னால் வந்தது.

நிச்சயத்துக்கு ஃபாத்திஹா ஓதியபோது, ஏந்திய கைகளிலிருந்தெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாங்கு சொன்ன மறுநிமிஷம் புஷ்தா வாளியை எடுத்தார். நேரம் முடிந்துவிட்டது என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவர் கேட்கவில்லை.