அவர் கையில் இருந்த பழைய நகல்

எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். விற்கிற மெஷினில் வாடிக்கையாளர் கேட்கும் மென்பொருள்களை ஏற்றிக் கொடுப்பது என் வேலை. எல்லாம் பிளாப்பி டிஸ்க்கில்தான் வரும். ஒன்றைப் போட்டால் இன்னொன்றைக் கேட்கும். அதைப் போட்டால் மறுபடி முதல் டிஸ்க்கையே கேட்கும். ஒரு மெஷினுக்கு அரை நாள் போய்விடும்.

என் சீனியர் ஈப்போ டவுன்காரர். நான் செமோர் பக்கத்து ரப்பர் எஸ்டேட். வேலை தாமதமானால் வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்வார்: "பால்மரம் வெட்டுற வீட்டுப் பொண்ணுலா. மெதுவாத்தான் வரும்." எல்லாரும் சிரிப்பார்கள். அம்மா அப்போதும் ரப்பர் பாலெடுக்க மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பில் ஒன்றைக்கூட நான் மறக்கவில்லை.

பிறகு நானே ஒரு சிறிய புரோகிராம் எழுதினேன். மெஷினில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்கும். இருப்பதை விட்டுவிட்டு, இல்லாததை மட்டும் ஏற்றும். ஒவ்வொரு டிஸ்க்கையும் ஒரே முறைதான் கேட்கும். அரை நாள் வேலை தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது.

மறுவாரம் கடை முதலாளியான சீனத் தவுக்கே, சீனியரின் முதுகில் தட்டிப் பாராட்டினார். சீனியர் என் டிஸ்க்கை நகலெடுத்து, தான் எழுதியதாகக் காட்டியிருந்தார். அவரிடமே கேட்டேன்.

"கடையில உட்கார்ந்து எழுதினது கடைக்குத்தான் சொந்தம், தங்கச்சி."

அவர் எடுத்த நகலில் ஒரு கோளாறு இருந்தது. அது கோப்பின் பெயரை மட்டும்தான் பார்க்கும். அதே பெயரில் பழசு கிடந்தாலும் போதுமென்று தாண்டிவிடும். தேதியையும் பார்க்கும்படி என் டிஸ்க்கில் திருத்திவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்த ஒவ்வொரு நாளும் எனக்கு இனித்தது.

கோப்பெங்கில் ஒரு தொழிற்சாலையின் பழைய மெஷின்களுக்குப் புது மென்பொருள் ஏற்றிக் காட்ட, தவுக்கேயும் சீனியரும் போனார்கள். மதியம் போன் வந்தது.

"தங்கச்சி, சட்டுனு ஏறிருச்சு. ஆனா கணக்கு புரோகிராம் திறக்க மாட்டேங்குது. எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. என்னா செய்றது?"

"நீங்க எழுதினதுதானே அண்ணே. பாருங்கலா."

குரலைத் தாழ்த்தி, "நீ கொஞ்சம் வாயேன்" என்றார்.

"யார் எழுதினதுன்னு தவுக்கேகிட்ட சொல்லுங்க. நான் கேக்கணும். அப்புறம் வாரேன்."

தவுக்கேயிடம் மலாயில் திக்கித் திக்கிச் சொன்னார். ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தேன்.

பஸ் பிடித்துப் போனேன். அவசரப்படவில்லை. அங்கே என் திருத்திய டிஸ்க்கைப் போட்டேன். அவரைப் பக்கத்தில் நிற்க வைத்து, மற்ற டிஸ்க்குகளை எடுத்துத் தரச் சொன்னேன். "அடுத்தது, அண்ணே." தந்தார். கணக்கு புரோகிராம் திறந்தபோது தவுக்கே அவர் பக்கம் திரும்பவே இல்லை.

சில மாதங்களில் அவர் வேலையை விட்டுக் கோலாலம்பூர் போனார். கடைசி நாளில் விடைபெற, கைகுலுக்க என்னிடம் கை நீட்டினார். நான் தட்டச்சு செய்துகொண்டே இருந்தேன். ஒருநாள் இதற்காக வருத்தப்படுவாய் என்றார் அம்மா. இன்னும் வருத்தம் வரவில்லை.