அம்மா கொடுத்த கோஷம்

எங்கள் வெள்ளவத்தை வீட்டில் அரசியல் கதைப்பதென்றால் முதலில் யன்னலைச் சாத்துவார்கள். பிறகு டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். அதற்குப் பிறகும் அப்பா கிசுகிசுப்பாகத்தான் கதைப்பார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து அண்ணா, பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற அந்த வருடம், ஜனாதிபதியை வீட்டுக்குப் போகச் சொல்லிக் காலிமுகத்திடலில் கூடாரம் போட்டிருந்த கம்பஸ் பொடியன்களோடு போய்த் தங்கிவிட்டான். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் பின்னேரம், அங்கே நிற்பவர்களை அடித்துக் கலைக்கப் போகிறார்களாம் என்று போனில் கதை வந்தது. அண்ணா போன் எடுக்கவில்லை. அம்மா அடுப்பை அணைத்தார், நெற்றிப் பொட்டை அழித்தார், அடையாள அட்டையைக் கைப்பையில் வைத்தார். பொட்டை ஏன் அழிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“வாயை மூடிக்கொண்டு வா. பஸ்ஸுக்குள்ள தமிழில கதைக்காதை.”

போய்ப் பார்த்தால், கடவுளே, திருவிழாதான்! பாட்டு, மேளம், சோற்றுப் பார்சல். மேடைக்குப் பக்கத்தில் அண்ணா தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டு நின்றான். அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

“இவ்வளவு சனம் நிக்குதுதானே அம்மா, பயப்பிடாதேங்கோ.”

“சிங்களப் பொடியளைப் பிடிச்சா நாளைக்கு விடுவாங்கள். உன்னைப் பிடிச்சா புலியெண்டு பேர் வைப்பாங்களடா!”

இந்த இழுபறியைக் கண்ட ஒரு சிங்கள அக்கா, தமிழ்த் தாய் ஒருத்தி ஆதரவு தர வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். பாவம், அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அம்மாவை மேடையில் ஏற்றி மைக்கை நீட்டினாள்.

“அம்மே, தெமளென் கியன்ன!” தமிழில் சொல்லட்டுமாம்.

அம்மா மைக்கை வாங்கினார். பிறகு மெல்லச் சொன்னார்:

“என்ர பிள்ளையை வீட்டை அனுப்புங்கோ.”

கூட்டத்துக்கு என்ன விளங்கியதோ, கைதட்டல் பறந்தது. அந்த அக்கா அதையே கோஷமாக்கிவிட்டாள். தமிழ் தெரியாத அத்தனை பேரும் கையை உயர்த்தி, சொற்களை உருட்டிப் புரட்டிக் கத்தினார்கள்: “என்ர பிள்ளையை வீட்டை அனுப்புங்கோ!”

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அண்ணா சிரிக்கவில்லை. மேடைக்கு வந்து அம்மாவைக் கைபிடித்து இறக்கினான். எங்களோடேயே பஸ் ஏறினான்.

வீடு வந்து சேரும்வரை அம்மா அழுதார். அதுதான் பிள்ளை வந்துவிட்டானே, இனி என்ன அழுகை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. எனக்கு ஒரு மாமா இருந்தாரென்றே அப்போது தெரியாது. யுத்த காலத்தில் ஆமி அவரைப் பிடித்துக்கொண்டு போனபோது அம்மாவின் தாயார் இதே சொற்களைச் சொல்லிச் சொல்லி முகாம் வாசல் வாசலாக நின்றாராம். பக்கத்தில் அம்மாவும் நின்றாராம். அன்றைக்குச் சேர்ந்து சொல்ல ஒருவரும் வரவில்லை.